இலைப்பொடி டாட் காம்

ஜோஸ்பினுக்கு அவசரமாக ஒரு பெயர் வேண்டியிருந்தது. வீட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தாயிற்று. இது அவளுடைய வெப்சைட்டுக்கு.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் விளைகிற முருங்கை இலையை வாங்கி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி விற்பது அவள் தொழில். துபாயில் கடை வைத்திருக்கும் முகமது பாரூக் பொடியை ருசி பார்த்துவிட்டு, பாக்கெட்டில் வெப்சைட் பெயரை அச்சடித்து அனுப்பினால் கடை முழுக்க அடுக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பெயர் இல்லாத பாக்கெட்டை அவர் தொடமாட்டார். சனிக்கிழமை கவர் அச்சுக்குப் போகிறது. அன்று திங்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மதியழகனிடம் போய் உட்கார்ந்தாள். அவன் காந்திகிராமத்தில் படித்தவன், பொறுமைசாலி. பெயர் சின்னதாக இருக்க வேண்டும், ஒரு தடவை காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் கோடு, எண் எதுவும் வேண்டாம் என்று விளக்கினான். அரைமணி நேரம் தட்டிப் பார்த்ததில் நல்ல பெயர்களை எல்லாம் யாரோ ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒன்று மாட்டியது. இலைப்பொடி டாட் காம்.

ஜோஸ்பின் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்குகிறவள் இல்லை. இலை அனுப்புகிற அங்காளம்மாளுக்குப் போன் போட்டு, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு டீ குடித்து முடித்துத் திரும்பக் கூப்பிட்டு, என்ன சொன்னேன் என்று கேட்டாள். ஆடுகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவே அங்காளம்மாள் பிசகாமல் ஒப்பித்தாள். பெயர் தேறிவிட்டது.

அப்புறம் விலை வந்தது. அதுவும் வருஷா வருஷம் கட்டுகிற விலை. பேருக்கு வாடகையா என்று கேட்டாள். ஆமாக்கா என்றான். குறைக்கச் சொன்னாள். விலை தன் கையில் இல்லை, கம்ப்யூட்டர் காட்டுவதுதான் என்றான்.

"அப்ப வேண்டாம் தம்பி" என்று எழுந்தாள்.

வேண்டாம் என்று அர்த்தமில்லை. அவளுடைய அப்பா வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை நடத்தியவர். பிடித்த சரக்கை விட்டு எழுந்து, மெதுவாக நடந்தால், விற்கிறவன் கூப்பிட்டே தீருவான் என்பது அந்தக் குடும்பத்தில் தாய்ப்பாலோடு வந்த ஞானம். ஜோஸ்பின் மெதுவாக நடந்தாள். பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு சர்பத் வாங்கி, அதையும் மெதுவாகக் குடித்தாள். கம்ப்யூட்டர் கூப்பிடவில்லை. ஒருநாள் காயப்போடுவோம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மதியழகன் முகம் சரியில்லை. பெயர் போய்விட்டது.

"யாரு?"

"உங்க அண்ணன்தான்க்கா. நேத்து நீங்க பேசிக்கிட்டிருந்தப்ப அவுங்க கணக்குப்பிள்ளை பொன்னழகு இங்க ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருந்தாரு. நீங்க போன கையோட அண்ணனே வந்துட்டாரு. துட்டை நீட்டுனா நான் முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

இருதயநாதன் அவளுக்கு உடன்பிறந்த அண்ணன். அதே அப்பாவின் கடையில், அதே சாக்கின் மேல் உட்கார்ந்து வளர்ந்தவர். தங்கச்சி கை நீட்டிய சரக்கில் ஏதோ இருக்கும் என்று எடுத்துப் போட்டிருப்பார். அதோடு, அவரும் போன வருஷம் முதல் முருங்கைப் பொடி விற்கிறார். நேரே போய்க் கேட்டால் மலைக்கோட்டையையே விலையாகச் சொல்வார்.

ஜோஸ்பின் செத்த நேரம் யோசித்தாள். வேறு பெயர் பார்க்கலாமா என்று மதியழகன் கேட்டது காதில் ஏறவில்லை.

"தம்பி, பேரு நீளமா இருந்தா விலை கூடுமா?"

"இல்லைக்கா. சின்னதோ பெருசோ, அதே விலைதான்."

அவள் முகம் மலர்ந்தது. மதியழகனைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள ஒரு கிலோ பொடி செலவானது.

புதன்கிழமை, பொன்னழகு ஜெராக்ஸ் எடுக்க வருகிற நேரமாகப் பார்த்துக் கடைக்குள் நுழைந்தாள். அவர் இருப்பதையே பார்க்காதவள் போல உட்கார்ந்து, குரலைத் தாராளமாக விட்டாள். அந்தச் சின்னப் பெயர் போனதே நல்லதுக்குத்தான் என்றாள். அதில் ஊர் உண்டா, ஆள் உண்டா, சுத்தம் என்று ஒரு சொல் உண்டா? அஞ்சு எழுத்துக்கும் அம்பது எழுத்துக்கும் ஒரே விலை என்றால் எந்தப் புத்தியுள்ளவன் அஞ்சு எழுத்தை வாங்குவான்? அப்புறம் தனக்கு வேண்டிய பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: திண்டுக்கல் ஜோஸ்பின் சுத்தமான முருங்கை இலைப்பொடி ஏற்றுமதி டாட் காம்.

மதியழகன் இருமலை அடக்கிக்கொண்டு, இருக்கு அக்கா, எடுத்துரவா என்றான். விலையை நாளைக்குப் பேசிக்கிறேன் என்று எழுந்து, மெதுவாக நடந்தாள். அன்றைக்குச் சர்பத் ரொம்ப இனித்தது.

சாயங்காலத்துக்குள் அந்தப் பெயரும் இருதயநாதன் வசம் போனது.

வெள்ளிக்கிழமை ஜோஸ்பின் அண்ணன் கடைக்கு அழுது வடியும் முகத்தோடு போனாள். நியாயமாண்ணே என்று ஆரம்பித்தாள். வியாபாரம் என்று அவர் முடித்தார். பொன்னழகு டீ வரவழைத்தார். அப்புறம் நடந்தது பேட்டையே நின்று பார்த்திருக்க வேண்டிய பேரம்.

என் பேர் போட்ட சரக்கை வேறு யார் வாங்குவா என்று அவள் மடக்கினாள். திண்டுக்கல்லில் இன்னொரு ஜோஸ்பின் இல்லாமலா போவாள் என்று அவர் திருப்பினார். அவள் எழுந்து வாசல் வரை போனாள், அவர் கூப்பிட்டார். மறுபடி எழுந்தாள், மறுபடி கூப்பிட்டார். கூப்பிடுகிற மனுஷனோடு பேரம் பேசுவதில் உள்ள சுகமே தனி. கடைசியில் அவர் கட்டிய பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு நீளப் பெயர் படிந்தது. அவர் மீசைக்குள் சிரித்தார்.

ஜோஸ்பின் பெருமூச்சு விட்டாள். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி, போகிற போக்கில் கேட்டாள்:

"இம்புட்டுக் குடுத்து வாங்குறேன், கொசுறு ஒண்ணும் கிடையாதாண்ணே? காய்கறிக் கடையில கறிவேப்பிலையாவது போடுவாக."

"என்னத்தா வேணும்?"

"அன்னைக்கு ஏதோ சின்னதா ஒண்ணு எடுத்தீகளாமே. இலையோ பொடியோ. அதைப் போட்டு விடுங்க."

"அதா? எடுத்துக்கிட்டுப் போ."

மதியழகனை லேப்டாப்போடு வரச் சொன்னார்கள். இருதயநாதன் போனுக்கு ஓடிபி வந்தது; அவர் வாசித்தார். இரண்டு பெயரும் ஜோஸ்பின் கணக்குக்கு மாறின. நெஞ்சுக்குள் மேளம் அடித்தாலும் முகத்தில் அவள் ஒரு கோடு அசையவிடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. கொசுறைக் கேட்டதும், ஒரு 'ஆங்' கூடப் போடாமல் கொடுத்துவிட்டாரே. வெங்காயத்தில் ஒன்றைக் கூடுதலாக எடுத்தாலே கையைத் தட்டிவிடுகிறவர்.

பணத்தை மேஜைக்குள் போட்டுப் பூட்டியபின் இருதயநாதன் கேட்டார். "நாளைக்குத்தானே கவர் அச்சுக்குப் போகுது?"

ஜோஸ்பின் நிமிர்ந்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"பொன்னழகு எல்லாத்தையுந்தான் கேட்டுட்டு வந்தான். நீ விட்டுட்டுப் போன பேரை வேற எவனாச்சும் அமுக்கிருவானேன்னுதான் நான் எடுத்து வச்சேன். செவ்வாக்கெழமை வந்து, அண்ணே குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். நீதான் வரலை. நீளமா ஒண்ணு வேணும்னு ஊரெல்லாம் சொன்ன. சரி, தங்கச்சி ஆசைப்படுறாளேன்னு அதையும் எடுத்து வச்சேன்."

இது நிஜமா, ஏமாந்தவர் மீசையில் ஒட்டின மண்ணைத் துடைக்கிறாரா என்று ஜோஸ்பினால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா செத்தபிறகு இந்த முகத்தைப் படிக்க ஊரில் ஆளில்லை. பொன்னழகு பக்கம் திரும்பினாள். அவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீளப் பேருக்கு வாங்குனதைத் திருப்பிக் குடுங்க."

"வித்தது வித்ததுதான்."

மதியழகன் லேப்டாப்பை மூடப் போனான். ஜோஸ்பின் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். வேண்டிய பெயர் கைக்கு வந்துவிட்டது, துபாய்க்குப் பாக்கெட் போய்விடும், எழுந்து போயிருக்கலாம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சரிண்ணே. இப்ப என்கிட்ட ஒரு நீளப் பேரு இருக்கு. ஊரு, ஆளு, சுத்தம் எல்லாம் அதுல இருக்கு. என்ன விலைக்கு எடுத்துக்கிறீக?"

இருதயநாதன் தனக்கு அதில் துளியும் அக்கறை இல்லாதவர் போலத் தெருவைப் பார்த்தார். பொன்னழகு இன்னொரு ரவுண்டு டீக்குச் சொல்லிவிட்டார்.