நடுவட்டத்தில் மாற்றிய ஜெட்

நடுவட்டத்துக்கு இரண்டு வளைவு கீழே வண்டி மூன்றாம் முறையாக நின்றது. மணி ஒன்பதரை. பத்தரைக்கு ஊட்டியில் இண்டர்வியூ. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. தெய்வம்மா பி.எஸ்சி. பிசிக்ஸ். சிலோனிலிருந்து எட்டு வயதில் கப்பலேறி வந்தவள். சேரங்கோட்டுப் பக்கத்து எஸ்டேட்டில் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

விடிகாலை பஸ்ஸை விடச் சொன்னவள் அம்மா காத்தாயிதான். "மச்சான் வண்டி இருக்கையில ஒனக்கு ஏன் புள்ள பஸ்ஸு?"

மச்சான் லிங்கசாமி அம்மாவின் அண்ணன் மகன், எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். போன வாரம் தன் பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சரை அறுத்து, காற்று வடிகட்டியையும் கழற்றி எறிந்திருந்தான். காற்று கூடி, பெட்ரோல் போதாமல் இஞ்சின் திணறியது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் துளைபோட்ட பித்தளைத் திருகாணியை ஜெட் என்பார்கள். அதில் துளை பெரிதான ஒன்றை வாங்கிப் போட்டான். லயத்து வாசலில் வண்டி உறுமியதை எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள்.

தெய்வம்மா மட்டும் சொன்னாள். "இது இங்கதான் சரி மச்சான். மேல ஏற ஏறக் காத்து கொறையும். பெட்ரோல் அதிகமாயிரும்."

"காலேஜ்ல மெக்கானிக் வேலையும் சொல்லிக் குடுத்தாங்களோ?"

இப்போது வண்டி கறுப்புப் புகை கக்கி நின்றது. கரி பிடித்த பிளக்கை மறுபடி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பழைய ஜெட் எங்க?"

"அதப் போட்டா இழுக்காது."

"எங்கன்னு கேட்டேன்."

சட்டைப் பையிலிருந்து, பழைய ஜெட் கிடந்த தீப்பெட்டியை எடுத்து நீட்டிவிட்டு, பீடியோடு தள்ளிப்போய்க் கல்லில் உட்கார்ந்தான். பெரிய ஜெட்டை அவளே கழற்றிச் சின்னதை மாட்டினாள். இண்டர்வியூ புடவையெல்லாம் பெட்ரோல். பத்தேகாலுக்கு இஞ்சின் புகையில்லாமல் பிடித்தது.

"ஏறுங்க. பதினொன்னேகாலுக்குப் போயிரலாம். கெஞ்சிப் பாக்குறேன்."

லிங்கசாமி வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பினான்.

"நேரம் போச்சு புள்ள. மூணு மணிக்குள்ள செக்ரோல்ல ஒம் பேரு விழுகணும். அத்தைக்கு வயசாயிருச்சுன்னு இன்னையோட வேல முடியுது. பேரு இல்லாட்டி காம்பராவ விடணும், தெரியுமில்ல?"

தெரியும். எஸ்டேட் வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் வீட்டுக்கொரு பேர் இருந்தால்தான் தலைக்கு மேல் கூரை, காம்பரா என்கிற அந்த ஒற்றை அறை. அம்மா பேரை வெட்டிய இடத்தில் மகள் பேர். அதோடும் முடியாது. இவன் வீட்டில் ஒரே காம்பராவில் ஏழு பேர். நாளைக்கு மாப்பிள்ளை என்று இவனும் அம்மாவின் காம்பராவுக்கே வந்து பாயை விரிப்பான். பஸ்ஸை விடச் சொன்ன அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

"சர்டிபிகேட்டக் குடுங்க. நான் லாரி புடிச்சுப் போறேன்."

அது வண்டியின் பக்கப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவன் கொத்தில்.

"லயத்துக்குப் போயித் தாரேன். ஏறு."

ஏறினாள். கைக்குட்டையில் முடிந்த பெரிய ஜெட் உள்ளங்கையில் உறுத்தியது. கீழே போகப் போகக் காற்று கூடும், சின்ன ஜெட் போதாது. ஆயிலும் பெட்ரோலில்தான் கலந்து வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். நாலைந்து வளைவு இறங்கியதும் சத்தம் காய்ந்துபோய்ப் படபடத்தது. நிறுத்தச் சொல்லலாம். பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். கரி படிந்த காம்பராவும் அடுப்படியில் குந்தியிருக்கும் அம்மாவும் கண்ணுக்குள் வந்தார்கள். சொல்ல வாயெடுத்தாள். பின் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கூடலூருக்கு மேலே பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஆயில் போதாமல் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துவிட்டது. உதைத்தால் கிக்கர் அசையவில்லை.

லிங்கசாமி அவளை நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சேதான் வாய மூடிக்கிட்டு வந்தியா?"

"தொறந்தப்பக் கேட்டீங்களா? சாவியக் குடுங்க."

கொத்தைச் சீட்டின் மேல் வீசினான். அவள் பெட்டியைத் திறந்து சர்டிபிகேட் ஃபைலை எடுத்தாள். பெரிய ஜெட்டைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து ஊட்டிக்கு ஏறும் வண்டிகள் போகும் பக்கத்தில் நின்றாள்.

"அத்த தெருவுல நிக்கும்டி," என்றான்.

அவள் திரும்பவில்லை. மணி பதினொன்று. மூன்றுக்குள் லயத்துக்குப் போக இன்னமும் நேரம் இருந்தது. கீழேயிருந்து வந்த ஊட்டி பஸ் படிவரைக்கும் ஆட்களோடு, நிற்காமல் போனது. அவள் அந்தப் பக்கமே நின்றாள்.