கருவாடும் றஹ்மத் உம்மாவும்: நூற்று நாற்பத்தாறு பதில்கள்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. இல்லை, ஆள் வராத ஒரு துணிக்கடையில் பிறந்தது. (முதல் வசனத்திலேயே பேச்சு மாறிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் சொன்னதை யாரும் கடைசி வரை வைத்திருந்ததில்லை.)

கடை வாப்பாவுடையது, புத்தளம் நகரில். மத்தியானம் வெறித்துக் கிடந்தால், பக்கத்துக் கடை ஜவாஹிர் நானா வாடிக்கையாளர் வேஷம் கட்டிக்கொண்டு வருவார். ஒரு சாரத்தை உதறித் தூக்கி, தெருவுக்கே கேட்கும்படி, "முதலாளி, இதென்ன பட்டா, பழைய பாயா?" என்பார். வாப்பா சீறுவார். வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடுவார்கள். கூடியவர்கள் உள்ளே வருவார்கள். மறுநாள் வாப்பா போய் நானாவின் கடையில் கத்திவிட்டு வருவார்.

ஒருநாள் நடிப்பு முற்றி நிஜமாகவே கோபித்துக்கொண்டார்கள். மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாம் நாள் நானா வாசலில் வந்து நின்று, "அந்தச் சாரம் இன்னும் பாய்தான்" என்றார். வாப்பா அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

அந்தக் கடையில் நான் படித்தது இவ்வளவுதான்: மறுத்துப் பேசுகிறவர் திரும்பி வருவார். "பரவாயில்ல, பிறகு வாறம்" என்று சிரித்தவர் போனது போனதுதான்.

2.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறேன். பெயர் 'உப்புக்காற்று'. எதைப் பற்றியும் பேசலாம், அதுதான் அதன் கொள்கை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். சேர்ந்து என்ன செய்தார்கள்? வெள்ளிக்கு வெள்ளி ரோசாப்பூப் படத்தோடு 'ஜும்ஆ முபாரக்' போட்டார்கள். அதன் கீழே 'அருமை'. அதற்கும் கீழே ஒரு கட்டைவிரல்.

உற்சாகமூட்ட, 'உங்களுக்குப் பிடித்த நிறம் எது?' என்று கேட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது. என் மனைவி ஸாஜிதா எழுதியிருந்தாள்: "அரிசி முடிஞ்சிரிச்சி."

வெறும் கடை! ஜவாஹிர் நானா ஞாபகத்துக்கு வந்தார். அன்றே மன்றத்தில் ஒரு பொய்க்கணக்குத் திறந்தேன். பெயர் றஹ்மத் உம்மா, தில்லையடி, வயது அறுபத்தெட்டு. அவர் எழுதிய முதல் வரி:

"கருவாட்டை வெந்நீரில கழுவுற ஆக்கள் அடுப்படிக்கே போகப்படாது."

நூற்று நாற்பத்தாறு பதில்கள்! எலுவன்குளத்திலிருந்து வந்தது, டோஹாவிலிருந்து வந்தது. மூன்று வருடம் வாய் திறக்காத ஒரு வாத்தியார் ஆறு பந்தி எழுதினார். நான் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன்.

3.

(இந்த இடத்தில் றஹ்மத் உம்மாவை வர்ணிக்கப் பார்த்தேன்.)

ஒடுங்கிய ஒழுங்கையின் முடிவில், தனிமையின் நிழலில், வெண்முக்காடிட்ட அந்த மூதாட்டி—

(விட்டேன். இப்படித் தொடங்கினால் ஏழாவது வரியில் அவர் அழவேண்டி வரும். அவர் அழுகிற ஆள் இல்லை. எனக்கு அவரைத் தெரியும்.*)

* தெரியாது. ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். வெந்நீர் கூடாது என்பதில் மட்டும் நான் எந்தக் காலத்திலும் பொய் சொன்னதில்லை.

4.

அந்த நூற்று நாற்பத்தாறில் ஒன்று கனமூலை ஊர் நஃபீஸாவுடையது: "நீங்க கருவாட்டக் கண்ணாலயும் கண்டில்ல போல."

ஆகா! அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இருவருக்கும் மல்லுக்கட்டு. தேங்காய்ப்பால், மருமக்கள், நுளம்பு வலை, மழை வருமா வராதா. மற்றவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். மன்றம் கொதித்தது. இவர்கள் சண்டையைப் படிக்கத்தான் ஆள் வருகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

போன செவ்வாய் நஃபீஸாவிடமிருந்து றஹ்மத் உம்மாவுக்குத் தனிமடல் வந்தது:

"ராத்தா, அவர் மௌத்தாகி நாலு வருஷம். உப்பு கூட, புளி கொறவெண்டு ஒவ்வொரு நாளும் என்னோட வாதாடுவார். இப்ப நான் என்னத்த ஆக்கிக் குடுத்தாலும் எல்லாரும் 'நல்லாயிரிக்கி' எண்டுதான் செல்றாங்க. பாவம் பாக்குறாங்க. நீங்க மட்டுந்தான் என்னோட சண்டை புடிக்கிறீங்க. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பொறகு வாறன். ஊடு எது?"

வாசித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். எனக்கு இது புதிது.

5.

முடிவுகள். மூன்றைத் தட்டில் வைக்கிறேன்.

முதலாவது: ஸாஜிதா றஹ்மத் உம்மாவாக நடிப்பது. கேட்டேன்.

"எனக்கு அறுபத்தெட்டா?"

"முக்காட்ட இழுத்துப் போட்டா..."

"இஞ்ச பாருங்க, நான் கருவாட்ட வெந்நீரிலதான் கழுவுறன். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து. நீங்களும் தின்டுட்டுத்தான் இரிக்கிறீங்க."

(இந்த அதிர்ச்சியை எழுதத் தனிக்கதை வேண்டும்.)

இரண்டாவது: றஹ்மத் உம்மாவை மௌத்தாக்குவது. எழுதியும் பார்த்தேன். 'இன்னா லில்லாஹி' என்று போட்ட மறுநிமிடம் முந்நூறு பேர் கேட்பார்கள்: ஜனாஸா எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளியில்? எலுவன்குளத்திலிருந்து பஸ் பிடித்தே வருவார்கள். அடக்குவதற்கு ஆளுக்கு எங்கே போவேன்?

மூன்றாவது: நஃபீஸாவும் ஒரு போலிக் கணக்கு என்று முடிப்பது. அச்சுக்கு அழகான முடிவு. ஆனால் நாலு வருடமாக மறுத்துப் பேச ஆளில்லாத ஒருவரை, என் கழுத்தைக் காப்பாற்ற இல்லையென்று சொல்வதா? வாப்பாவே இந்தச் சரக்கை விற்கமாட்டார்.

"உள்ளதச் செல்லுங்க," என்றாள் ஸாஜிதா.

"மன்றம் செத்துப் போகும், புள்ள."

"அந்த மனிசி?"

6.

இன்று வெள்ளிக்கிழமை. மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் காலையிலேயே மன்றத்தில் போட்டுவிட்டேன். தனிமடலைப் போடவில்லை, அது உங்களுக்கு மட்டும். (சரி, நாலாம் பகுதியில் பாதியையும் ஐந்தாவதில் ஒரு வரியையும் வெட்டித்தான் போட்டேன்.) கடைசியில் நஃபீஸாவுக்கு நாலு வரி: 'றஹ்மத் உம்மா இல்லை. சண்டை பிடித்தது நான், இன்னமும் பிடிப்பேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் நீல கேட். வாருங்கள், வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு சட்டியில் ஆக்கி வைக்கிறோம்.'

கீழே இருநூறு பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து சந்தோஷமாக இருக்கிறது, மன்றம் சாகவில்லை! ஆனால் நஃபீஸாவின் பெயர் அதில் இல்லை.

அஸர் தொழுகை முடிந்துவிட்டது. அடுப்படியில் கருவாடு கொதிக்கிறது.

ஆ, கேட்டில் சத்தம்!

"போய்ப் பாருங்க," என்கிறாள் ஸாஜிதா.

என்னால் எழும்ப முடியவில்லை. வாசகரே, நீங்கள் போங்கள். வேறு யாராவது என்றால் நாளை வரச் சொல்லுங்கள். அவர்தான் என்றால், கையில் கறிச்சட்டியா செருப்பா என்று பார்க்கத் தேவையில்லை. "பொய்க்காரன் எங்க?" என்று கத்தினால் கதவை அகலத் திறந்து, கதிரையை இழுத்துப் போடுங்கள்.

"பரவாயில்ல" என்று சிரித்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள். வெறுங்காலோடு ஓடி வருகிறேன்.