லெக் என்று கூப்பிட்டவன்

ங்வே ல்வின் என்ற பேர் தண்டலின் வாயில் நுழையவில்லை. படகை ஓட்டுகிற தண்டல் தாய்லாந்துக்காரன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கடலில் காறித் துப்பினான்.

"இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வலை மடியில விழுந்த மீனெல்லாம் நாறிப்போயிடும். உன் பேரு லெக். சின்னவன். உன்கூட வந்தவன் தாம், கறுப்பன். இனிமே படகுல வேற பேர் என் காதுல விழக்கூடாது."

தாம் ஆகிப்போன தௌங்குக்கு அதில் வருத்தமில்லை. பர்மாவில் தவாயை விட்டு வந்ததிலிருந்து எத்தனையோ பேர்களைச் சுமந்தாயிற்று. கூலி எந்தப் பேருக்கு வந்தாலும் கூலிதான். ங்வே ல்வின் அப்படியில்லை. தௌங்கின் தங்கை ஏ ஹ்னினைக் கட்டியவன், கடலுக்குப் புதுசு. லெக் என்று கத்தினால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் வலை தைத்துக்கொண்டிருப்பான். திமிர் என்று நினைத்துத் தண்டல் ரப்பர் குழாயால் முதுகை உரித்தான்.

தௌங் பயந்துபோனான். கரையில் காத்திருக்கும் தங்கையிடம் இவனை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தானே பழக்கிவிடப் பார்த்தான். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் லெக், சுருட்டு கேட்டாலும் லெக்.

"மாப்ளே லெக், அந்தக் குழம்பை இப்படித் தள்ளு."

ங்வே ல்வின் தள்ளவில்லை.

"தண்டல் கூப்பிட்டா திரும்புறேன் மச்சான். இனி அடி வாங்க உடம்புல இடமில்ல. ஆனா நீ அந்தப் பேரைச் சொன்னா திரும்ப மாட்டேன். இங்க என் பேர் தெரிஞ்ச வாய் உன்னோடது ஒண்ணுதான்."

"பெரிய ராஜா வீட்டுப் பேரு," என்று தௌங் சிரித்தான். விடாமல் கூப்பிடவும் செய்தான். மற்றவனும் சொன்ன சொல் தவறவில்லை. தண்டல் குரலுக்கு ஓடுவான். மச்சான் குரலுக்குக் கல்லாக உட்கார்ந்திருப்பான். நாளாக ஆக இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மழைக்காற்று அடித்த ஒரு காலையில் வலையின் மடி கடலடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. வலைக் கயிற்றைச் சுற்றும் விஞ்ச் எந்திரம் முக்கி முக்கி இழுத்தது. இரும்புக் கயிறு இழை இழையாகத் தெறிப்பதைத் தௌங் பார்த்தான். அதற்கு நேராக ங்வே ல்வின் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"லெக்!" வாயில் அதுதான் வந்தது. "லெக்!"

அவன் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறான். திரும்பவில்லை.

தௌங் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கயிறு அறுந்து அவன் மேல் வீசிவிட்டது.

உடலை ஐஸில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். செத்த இடத்தில் மரக்கிளையை நீட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உயிர் அதில் ஏறி வீட்டுக்கு வரும், ஏழு நாள் இருந்துவிட்டுப் போகும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. ஏ ஹ்னின் கிளையோடு படகில் ஏறினாள். அதன் ஒரு நுனியை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நீ கூப்பிடுண்ணே. உன் குரல்னா வருவாரு."

"ங்வே ல்வின், வாப்பா. வீட்டுக்குப் போகலாம்."

அறைக்குள்ளிருந்து தண்டல் எட்டிப் பார்த்தான். "தாம் யாரைடா கூப்பிடுறான்?" என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டான்.

துறைமுகச் சேற்றில் அண்ணனும் தங்கையும் கிளையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"கயிறு அறுந்தப்ப நீ பக்கத்துலயாண்ணே இருந்தே?"

"ஆமா."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டேன்."

"அந்தச் சத்தத்துல காதுல விழுந்திருக்காது."

அப்படியே விட்டிருக்கலாம். தௌங்கால் முடியவில்லை.

"விழுந்துச்சும்மா," என்றான்.