வெளுத்துப்போன பவளம்

கதவைத் திறந்ததுமே அவளுக்குக் கண் கூசியது. நீலமாய் மங்கியிருக்க வேண்டிய முன்னறை, துணிக்கடை மாதிரி வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. தோள்பையைக்கூட இறக்காமல் கண்ணாடி மீன்தொட்டியருகே ஓடினாள்.

விரல் விரலாய்க் கிளைத்திருந்த பழுப்புப் பவளம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து நின்றது. பச்சைப் பவளம் சதையைச் சுருக்கிக்கொண்டு கல்லோடு ஒட்டிக் கிடந்தது. மேலே விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அளவு மீறினால் எந்தக் கதிரும் உடம்பைச் சுடும் என்பது அவளுக்குத் தொழில்பாடம். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் உண்கிறது. வெளிச்சம் குறைந்தால் பட்டினி. திடீரென்று கூடினால் பவளம் அந்தப் பாசியையே வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். அதனால்தான் கால்பங்கு வெளிச்சத்தில் தொடங்கி, வெளிச்சம் அளக்கும் மீட்டரைத் தண்ணீருக்குள் இறக்கி அளந்து அளந்து, மாதக்கணக்கில் துளித்துளியாய் ஏற்றி வந்தாள்.

பயிற்சிக்காக வெளியூர் போனபோது, மீனுக்கு இரை போடச் சொல்லி மாடியில் குடியிருக்கும் தன் சொந்த அண்ணனிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். லைட்டைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விளக்கைத் தணித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்ன பாப்பா, வந்துட்டியா?"

"லைட்ட யாரு கூட்டினது?"

"அதுவா, ஒரு வீடியோ எடுத்தேன். அந்த நீல வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. திரும்பக் குறைக்க மறந்துட்டேன் போல. அதனால என்ன, செடிக்கு வெளிச்சம் கூடினா நல்லதுதானே?"

"செடி இல்ல அது. உயிருள்ள பிராணி. செத்துக்கிட்டிருக்கு."

"எனக்கென்னவோ இப்பதான் பளிச்சுனு அழகா இருக்கு."

அவள் போனை வைத்தாள். அண்ணனின் இணையப் பக்கத்தில் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தாள். தொட்டியில் சாய்ந்து நின்றபடி அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். "நானே பாத்துப் பாத்து வளர்த்தது" என்றான். கீழே பாராட்டு மேல் பாராட்டு. அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

அதன்பின் அண்ணனின் எந்த அழைப்பையும் அவள் எடுக்கவில்லை. வலைத்துணி போட்டு விளக்கை மறைத்தாள், தண்ணீர் மாற்றினாள், வேலைக்குப் போய்வந்தாள். விரல் பவளத்தின் சதை நார் நாராய்க் கழன்று மிதந்தது. மற்றதைக் கெடுக்குமுன் அதை வெளியே எடுத்தாள். அழுகிய நாற்றம் அறையெங்கும் அடித்தது. குப்பையில் போடப் போனவள், ஒரு தட்டில் வைத்துக்கொண்டு மாடியேறினாள்.

அண்ணனும் அண்ணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டை அவன் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயே, என்ன இது? சாப்பிடற எடத்துல கொண்டுவந்து..."

"நீ வளர்த்ததுன்னு ஊருக்கே சொன்னியே. இந்தா, வச்சுக்க."

"விளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போய் இவ்வளவு கோவமா? ஒரு கல்லுக்காகவா கூடப்பொறந்தவனோட சண்டை போடுவ?"

"நான் ஆசையா செய்யற எதுவுமே உனக்குக் கல்லுதான். சாவியக் குடு."

அவன் மனைவியைப் பார்த்தான். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நாத்தனார் கையில் வைத்தாள். "அந்த வீடியோவ நான் அழிக்க வைக்கறேன். நீ போம்மா" என்றாள்.

வீடியோ அன்றே காணாமல் போனது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

பச்சைப் பவளம் பிழைத்தது, ஆனால் பாதிதான். அதன் வாயோரத்தில் மெல்லிய நிறம் திரும்பிய அன்று அவள் வலைத்துணியில் ஒரு மடிப்பை மட்டும் விலக்கி, மீட்டரை இறக்கிப் பார்த்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது. "நான்தான்" என்றது அண்ணன் குரல்.

அவள் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திறக்கவில்லை.