கல்லெறிந்தான், கல்லெறிந்தார்

அலுவலகத்தில் அவளைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். செய்தித்தாளில் ஒரு கமா தப்பினாலும் சும்மா விடமாட்டாள். ஆனால் அன்றைக்குக் கண்ணை உறுத்தியது கமா அல்ல.

முந்தைய நாள் ஒரே தெருவில் இரண்டு கட்சி ஊர்வலங்கள் மோதிக்கொண்டன. கட்சிக்கு ஒருவன் போலீசில் சிக்கினான். அவள் பிழை பார்க்க வந்த பக்கத்தில் மேலே, 'கல்லெறிந்த தீவிரவாதி பிடிபட்டான்.' அதற்குக் கீழேயே, 'ஆவேசமடைந்த இளைஞர் கைது செய்யப்பட்டார்.' எறிந்தது இரண்டு பேரும் கல்தான், பூ இல்லை. ஒருவனுக்கு மட்டும் இந்த மரியாதை எங்கிருந்து முளைத்தது?

செய்திக்குள் பெயர் போட்டிருந்த அந்த 'இளைஞர்' வேறு யாருமல்ல, அவளுடைய கொழுந்தன். வேலைக்கு அழைப்பு வந்திருக்கிற நேரம். பெயர் பத்திரிகையில் வந்தால் எல்லாம் போச்சு, எப்படியாவது எடுத்துவிடு என்று மாமியார் காலையில் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். ஆனாலும் அந்த வித்தியாசம் யார் போட்டது என்று தெரிந்துகொள்ளும் பாழாய்ப்போன ஆர்வம் விடவில்லை.

நிருபருக்குப் போன் போட்டாள். கல்லெறிந்த இரண்டு பேர் கைது என்றுதான் அனுப்பினேன் என்று அவர் சத்தியம் செய்யாத குறை. போலீஸ் குறிப்பிலும் 'தீவிரவாதி' என்ற சொல் இல்லை. கடைசியில் செய்தி ஆசிரியரிடம் போய் நின்றாள்.

அவர் கோபப்படவில்லை. பாவம், உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். அந்தக் கட்சிக்காரன் என்றால் அந்தச் சொல் தானாக வந்துவிடுகிறது, கை பழகிவிட்டது என்றார். முதலாளிக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது கைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது!

இருவரையும் 'கல்லெறிந்தவர்' என்று போடலாமே என்றாள். மேல் செய்தியில் இருக்கிறவனுக்கு மரியாதை கொடுத்தால் முதலாளி சும்மா இருக்கமாட்டார் என்றார்.

"ஒரே மாதிரிதான் வேணும்னா, ரெண்டு பேரையும் தீவிரவாதின்னு போட்டுடும்மா."

அவர் நகர்த்திக் கொடுத்த விசைப்பலகையில் கை வைத்தாள். கொழுந்தன் பெயருக்கு முன்னால் 'தீ' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் விரல் ஓடவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத சோம்பேறி, கொடியைக் கண்டால் தலைகால் தெரியாமல் ஆடுகிறவன், அவ்வளவுதான் அவன். மேலே இருக்கிற பையனைப் பற்றியும் ஏதோ ஒரு வீட்டில் யாருக்காவது இவ்வளவு தெரிந்திருக்கும்.

"சார், கீழ இருக்கறவன் என் கொழுந்தன்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" அன்பாகத்தான் கேட்டார். மவுஸை வாங்கி, கீழ்ச் செய்தியை அப்படியே அழித்தார். பக்கத்தில் தீவிரவாதி மட்டும் மிஞ்சினான்.

மாமியார் கேட்டது, இவள் வாய் திறந்து கேட்காமலே கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும்.

"அப்போ இவன் யார் மேல சார் கல்லெறிஞ்சான்?"

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நீயே பார்த்துக்கொள், யாராவது கேட்டால் நீயே பதில் சொல் என்று எழுந்துபோனார்.

அவள் அழிந்த செய்தியைத் திரும்பக் கொண்டுவந்தாள். இரண்டு பெயருக்கும் 'கல்லெறிந்தவர்' என்று போட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள். வீட்டுக்குப் போய் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.