சமையலறை என்னும் வெளியூர்

ஓரின் பெல்கிக்கு எழுபத்தொரு வயது. பொய் சொல்ல வராது, வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தபாலில் ஓட்டுப் போட வேண்டுமானால் தக்க காரணம் சொல்லியாக வேண்டும். 'வாக்குப்பதிவு நேரம் முழுக்க ஊரில் இருக்க மாட்டேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்து ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டு வந்தார். பொய்யென்று தெரிந்தால் வழக்குப் பாயும்.

அப்படி எங்கேதான் போவார்? எங்கும் போகமாட்டார். அவர் வீட்டுக்கு நடுவே ஊர் எல்லை ஓடியது. படுக்கையறை, கழிவறை, வாசல் எல்லாம் ஹாரோஃபோர்டில். சமையலறை மட்டும் பக்கத்து ஊரான டன்விலில். ஓட்டு, படுக்கிற ஊரில். ஆகவே தேர்தலன்று காலை ஆறு மணிக்குச் சமையலறைக்குள் நுழைந்தால் இரவு எட்டு மணிவரை மனிதர் 'வெளியூரில்' இருப்பார்.

இத்தனை பாடும் வெர்னாவால்தான். ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட ஜிம்மில் வாக்காளர் பட்டியலோடு உட்காருபவள் அவள். முப்பத்தொரு வருடம் ஓரினோடு குடித்தனம் நடத்தி, விவாகரத்து வாங்கிய கையோடு வந்த தேர்தலில் அவரை நிமிர்ந்து பார்த்து, "அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த வருட ஓட்டுச்சீட்டில் ஒரு கேள்வியும் இருந்தது. காரணமே கேட்காமல் எல்லோரையும் தபாலில் ஓட்டுப்போட விட, மாநில அரசியலமைப்பைத் திருத்தலாமா? ஓரின் 'ஆம்' வட்டத்தைக் காகிதம் கிழியுமளவு கறுப்பாக்கி எப்போதோ அனுப்பிவிட்டார்.

தேர்தலன்று பகல் ஒரு மணிக்குள் நாலு காபி. கழிவறை பத்தடி தூரம், ஆனால் ஹாரோஃபோர்டு. வழக்கம்போல ஜன்னல் வழியாக இறங்கி பக்கத்து வீட்டு டன்வில்காரர் சைலஸின் வீட்டுக்கு ஓடப் பார்த்தார். இந்த வருடம் தொப்பை ஒத்துழைக்கவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே.

சைலஸ் இழுத்துப் பார்த்துக் களைத்து, அந்த ஜன்னலின் குணம் தெரிந்த ஒரே ஆளுக்குப் போன் செய்தார். சாப்பாட்டு இடைவேளையில் வெர்னா வெண்ணெயோடு வந்து நின்றாள்.

"அடையாள அட்டை இருக்கா?"

"விளையாடாதே வெர்னா. அவசரம்!"

"வாசல் வழியா வர்றதுக்கு என்ன கேடு?"

"வாசல் ஹாரோஃபோர்டுல இருக்கு. எட்டு மணி வரைக்கும் அங்க கால் வைக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

வெண்ணெய் தடவிய கை நின்றது. "ஒன்பது வருஷமும் இங்கயேதான் கிடந்தியா? நிஜமாவே எங்கயோ ஊருக்குப் போறேன்னு நெனச்சேன்!"

"திருத்தம் ஜெயிக்கட்டும். அப்புறம் எனக்கு எந்தக் காரணமும் வேணாம்."

"நான் வேணாம்னு போட்டேன்."

"ஏன், உனக்கென்ன நஷ்டம்?"

"காரணம் கேட்டாத்தானே என்னிக்காவது உனக்குக் காரணம் தீரும்? தீர்ந்தா என் மேஜைக்குத்தானே வரணும் நீ?"

சொன்ன கையோடு அவள் ஒரே இழுப்பாக இழுக்க, ஓரின் செடிகள்மேல் விழுந்தார். எழுந்து யாரையும் பார்க்காமல் சைலஸ் வீட்டுக்கு ஓடினார்.

திருத்தம் ஜெயித்தது. பிறகு சட்டமும் வந்தது. அடுத்து வந்த தபால் ஓட்டு விண்ணப்பத்தில் காரணக் கட்டமே இல்லை. ஓரின் அதை மூன்று நாள் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தலன்று காலை ஆறு மணிக்கு ஜிம் வரிசையில் முதல் ஆள் அவர்தான். வெர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேளு," என்றார் ஓரின். அட்டை கையிலேயே இருந்தது.