கங்கையம்மாளுக்கு இடம் போதவில்லை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை திருட்டுச் சரக்கு. குரோம்பேட்டையில் பிரிண்டருக்கு மை நிரப்பக் காத்திருந்தபோது எனக்கு முன்னால் நின்ற பெண் பேசியதைக் காதில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"அண்ணா, மெஷின்ல நாலு எம்பி மெமரி இருக்கு. சாஃப்ட்வேர் முக்கால் எம்பிகூட எடுக்க மாட்டேங்குது. எடுக்க வைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஜிபியா மேடம்?"

"எம்பி."

கடைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அவள் போய்விட்டாள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: "இரும்புலியூரின் மாடிகள் மீது மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை—" (வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: அனுப்பிரியாவுக்கு ஹரிபிரசாத்தைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவள் இரும்புலியூர், அவன் திருநீர்மலை. இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம், அதுதான் வினை. அவள் அப்பா பெயர் சம்பந்தம், கெட்டவர் இல்லை. "பையன் தங்கமான பையன்தாம்மா. ஆனா பங்காளியா பூட்டா உனக்கு அண்ணன் முறை ஆவுது, இன்னா பண்றது?" என்கிறார்.

நான்கு தலைமுறைக்கு முன்னால் இரண்டு குடும்பமும் கங்கையம்மாள் என்ற ஒருத்தியிடம் போய் முட்டுகின்றன. அவள் இரும்புலியூர் வீட்டில் பிறந்து திருநீர்மலைக்கு வாக்கப்பட்டவள் என்றால் ஹரிபிரசாத் மாமன் மச்சான் முறை, தாலி கட்டலாம். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், அவள் பிள்ளைதான் திருநீர்மலைக்குக் குடிபோனான் என்றால் பங்காளி, கட்டக்கூடாது. திருநீர்மலையில் விசாரித்தார்கள். "அதெல்லாம் சம்பந்தம் கம்ப்யூட்டர்ல கீதே" என்று பதில் வந்தது.

இருக்கிறதுதான். நிலமெல்லாம் மனையான வருஷம் சம்பந்தம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சுற்றுவட்டாரச் சொந்தம் முழுவதையும் ஆளுக்கொரு வரியாக ஆங்கில எழுத்தில் அட்டவணை போட்டு வைத்தார். இரண்டாயிரத்து முந்நூறு பேர். இப்போது அதைத் திறந்தால் ஆயிரத்து எழுநூறாவது ஆளோடு நின்று, நினைவகம் நிரம்பிவிட்டது என்கிறது. வெளியே நிற்கும் அறுநூறு பேரில் கங்கையம்மாளும் ஒருத்தி.*

* லேப்டாப்பில் திறந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஃப்ளாப்பி டிரைவ் செத்துவிட்டது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற சம்பந்தம் விடமாட்டார். இரண்டுமே என் வேலைதான். இல்லாவிட்டால் கதை இந்தப் பத்தியோடு முடிந்துவிடும்.

3.

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மென்பொருளுக்கு நினைவகத்தின் தரைத்தளம் மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டரில் மாடி கட்டியிருந்தாலும் அது பாட்டுக்குக் கீழேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மெஷின் கிளம்பும்போது படிக்கும் ஒரு சின்னக் கோப்பில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி மாடியைத் திறக்கும். அடுத்த வரி மென்பொருளைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போகும்.

அந்த இரண்டு வரியும் சம்பந்தத்தின் கோப்பில் இருந்தன. அனுப்பிரியா அதைப் பார்த்தும்விட்டாள். சோழிங்கநல்லூர் ஆபீஸில் பிறர் எழுதும் மென்பொருளில் பிழை பிடிப்பது அவள் உத்தியோகம். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பிழையைப் பிடிக்க ஏன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று? [இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை. அவளை டீச்சராக்கிவிடலாமா?]

வேண்டாம். காரணம் கிடைத்துவிட்டது.

4.

காரணம், பிள்ளையார் சுழி.

இடையில் ஒருமுறை மெஷின் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் எழுப்பி வைத்துவிட்டுப் போனபிறகு, அந்தக் கோப்பைச் சம்பந்தமே ஞாபகத்திலிருந்து திரும்ப அடித்தார். எதை எழுதினாலும் சுழி போட்டு எழுதுபவர். தமிழ் எழுத்து இல்லாததால் முதல் வரியில் ஆங்கில யூவைப் போட்டார். அன்றிலிருந்து மெஷினைப் போட்டால் போதும், முதல் வரியில் பிழை என்று முனகும். "அது சாமி விஷயம், அதுக்கு எங்க புரியப்போவுது" என்பார் அவர். அந்த முனகலைக் கேட்டே வளர்ந்தவள் அனுப்பிரியா. பிழை என்று திரையில் வந்தாலே வீட்டில் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

மூன்றாம் ஞாயிறு அவள் அப்படித் திரும்பிக்கொள்ளவில்லை. பிள்ளையாருக்கு அடுத்தபடியாக இன்னொரு முனகல் இருந்தது, மாடி இன்னும் திறக்கவில்லையே என்று. அப்பா இரண்டு வரியையும் முன்பின்னாக அடித்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாள்.

"சுழிய எடுத்துட்டியாம்மா?"

"இல்லப்பா. அது அங்கயே இருக்கு."

(முந்தைய பிரதியில் எடுத்துவிட்டாள். சம்பந்தம் இரண்டு பக்கம் பேசாமலே இருந்தார். கதை நகரவில்லை.)

5.

ஆயிரத்து எழுநூறு தாண்டியது. இரண்டாயிரம் தாண்டியது. அப்பாவும் பெண்ணும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கில் கங்கையம்மாள் வந்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கவேண்டும்: அந்த வீட்டில் பிறந்தவளுக்கு டாட்டர் என்று டி, வாக்கப்பட்டு வந்தவளுக்கு வொய்ஃப் என்று டபிள்யூ.

கட்டம் காலியாக இருந்தது.

சம்பந்தம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்துப் போடலாம் என்று விட்டது, விசாரிக்க வேண்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண் முகத்தை ஒருதரம் பார்த்தார். "கண்ணு சரியா தெர்ல. நான் போய் காலு கழுவிகினு வரேன்" என்று எழுந்தார்.

6.

பத்து நிமிடமாகக் கால் கழுவுகிறார். தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவள் டியை அடித்து ஹரிபிரசாத்துக்கு ஃபோன் செய்கிறாள். மற்றதில் கட்டத்தைத் தொடாமல் மெஷினை அணைக்கிறாள், ஏனென்றால் தெரியாததைத் தெரிந்ததாகப் பதிவு செய்ததற்காக எத்தனையோ பேரை ஆபீஸில் அவள் திட்டி—

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவளுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்தான்.

"அப்பா," என்று கூப்பிட்டாள். "கங்கையம்மா நம்ம வூட்டுப் பொண்ணா, மருமகளா?"

பதில் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தது.

"அதுல இன்னா போட்டுக்கீதோ அதாம்மா."

அனுப்பிரியா விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டாள். நானும் கொல்லைப்பக்கம் போகிறேன், சம்பந்தத்துக்குத் துணையாக. நீங்கள் அவள் பக்கத்தில் இருங்கள். என்ன எழுத்து என்று எங்கள் இருவருக்கும் சொல்லவேண்டாம்.